கருப்பை வாய்ப் புற்றுக்கு முன்பே லேசர் சிகிச்சை

வணிகப் பெருமக்களே! வண்டு விழுமுன் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் நாம், வீட்டுப் பெண்கள் விஷயத்திலும் அவ்வாறே விழிப்பாக இருக்க வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தங்கிவிட்டால், அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். அந்த முன்நிலையில் வலியோ தொல்லையோ இராது. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் டாக்டர் தடவிப் பார்த்தால், மாறுதல் கண்ட இடம் வெளுத்துத் தெரியும்.

சிறிது சதை எடுத்துச் சோதித்து, புற்று இல்லையென உறுதியான பின்பே, கார்பன்-டை-ஆக்ஸைடு லேசர் கதிரால் அந்த மேல்படலத்தை மட்டும் ஆவியாக்குவர். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். அன்றே வீடு திரும்பலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபரிசோதனை அவசியம்.

அரசு மருத்துவமனைகளில் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை உண்டு. "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர்கள் சொன்னாலும், ஒருநாள் கடையடைத்தாவது அழைத்துச் செல்லுங்கள்.