உவமையிலிருந்து பிறந்த பேச்சு

கடலோரத்தில் படகொன்றில் ஏறி அமர்ந்து, கரையில் நின்ற மக்களுக்கு இயேசு விதைப்பவர் உவமையைச் சொன்ன காட்சியை நாம் அறிவோம். உவமைகள் இன்றி அவர் மக்களோடு பேசவில்லை என்று புனித மாற்கு தமது நான்காம் அதிகாரத்தில் குறிப்பிடுகின்றார். பிற்காலத்தில், உவமையைக் குறித்த அச்சொல் இன்றிப் 'பேசினேன்' என்று கூறவும் ஐரோப்பிய மக்கள் பலருக்கு இயலாமற் போயிற்று.

'பரபொலே' என்பது கிரேக்கச் சொல். ஒன்றின் அருகே மற்றொன்றை வைத்தல், ஒப்பிடுதல் என்பது அதன் பொருள். (நம் பிள்ளைகள் கணித பாடத்தில் வரையும் பரவளைவுக்கும் ஐரோப்பிய மொழிகளில் இதே பெயர்தான்.) இலத்தீனில் இது 'பரபொலா' ஆயிற்று. 382ஆம் ஆண்டளவில் பாப்பரசர் முதலாம் தமாசுவின் பணிப்பின்படி விவிலியத்தை இலத்தீனில் சீர்செய்யத் தொடங்கிய புனித ஜெரோம், இச்சொல்லைத் தாராளமாகவே கையாண்டார். நீதிமொழிகள் அவருக்குச் சாலமோனின் 'பரபொலா'க்கள். பிலயாம் வாய்திறந்து இறைவாக்கு உரைக்கும் இடத்திலும், யோபு தம் உரையைத் தொடரும் இடத்திலும் அதே சொல்லையே இட்டார். எபிரேய மூலத்திலுள்ள 'மாஷால்' என்ற சொல் உவமை, பழமொழி, உயர்ந்த உரை ஆகிய அனைத்தையும் அடக்கியதே இதற்குக் காரணம். இவ்வாறு உவமை என்ற சொல்லுக்கு 'உரை' என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

'சொல்' என்பதற்கு இலத்தீனில் 'வெர்பும்' என்ற பழைய சொல் இருந்ததே, அதற்கு என்ன நேர்ந்தது? யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் இறைமகனைக் குறித்து நின்ற சொல் அது. பழைய இலத்தீன் திருப்பலியின் முடிவில் அப்பகுதி வாசிக்கப்படுகையில், அச்சொல் மனுவுருவானதைக் கூறும் இடத்தில் முழந்தாளிட்டதை நம் மூத்தோர் இன்றும் நினைவுகூருவர். அத்தகைய சொல்லைச் சந்தைப் பேச்சுக்கு எடுத்தாள மக்கள் கூசினர் என்பது மொழியறிஞர் பலர் தரும் விளக்கம். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இன்றும் அது இறைமகனுக்கும் இலக்கண வினைச்சொல்லுக்குமே பெரிதும் உரியதாயிருக்கின்றது.

வெற்றிடத்தை நிரப்பியது 'பரபொலா'. அதிலிருந்து பிறந்த வினை இத்தாலியத்தில் 'பார்லாரே', பிரெஞ்சில் 'பார்லே'. சொல் என்பது அவர்களுக்கு 'பரோலா', 'பரோல்'. ஸ்பானியரோ ரகர லகரங்களை இடம்மாற்றி 'பலாப்ரா' என்றனர். நம் இலக்கணப் போலியில் 'தசை' 'சதை' ஆவது போல. 813இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், மக்களுக்கு விளங்கும் நாட்டுப்புற உரோமை மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ மறையுரை ஆற்றுமாறு பணித்தனர். வழிபாட்டு இலத்தீன் அதற்குள் விளங்காமற் போயிருந்தது. ஆனால் நற்செய்தியின் சொல்லொன்று அம்மக்களின் வாயில் அவர்கள் அறியாமலேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

அதன் பிள்ளைகள் பலர். மௌனம் காக்கும் துறவு மடங்களில் பேசுவதற்கு அனுமதிக்கப்பட்ட அறை 'பார்லர்'. அப்பெயர் இன்று அழகுக்கலை நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தொங்குகின்றது! பேசுவதற்குக் கூடும் அவை 'பார்லிமென்ட்'. நமது 'பாராளுமன்றம்' பார் ஆளும் மன்றம் எனப் பொருள் தந்தாலும் அதன் ஓசையையும் சுமந்து நிற்கின்றது. தப்பியோடேன் என்று கொடுத்த வாக்கின் பேரில் கைதி விடுவிக்கப்படுவது 'பரோல்'. போர்த்துக்கேய வணிகர் 'பலாவ்ரா' என்ற சொல்லை ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் 'பலாவர்' என நுழைந்தபோது அதற்கு வீண்பேச்சு என்ற பொருளும் வந்துவிட்டது. உவமைக்கு நேர்ந்த இந்த வீழ்ச்சி சிறிது வருத்தம் தருகின்றது.

பேசுவதற்கான வினையில் மட்டும் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் வேறு வழி சென்றனர். கதை எனப் பொருள்படும் 'ஃபாபுலா'விலிருந்து 'அப்லார்', 'ஃபலார்' என்ற வினைகளை ஆக்கிக்கொண்டனர். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோலில் சொல்லுதலைக் குறிக்கும் வினையும் இவ்வழி வந்ததே. இதில் ஈழத்தமிழருக்கு வியப்பொன்றுமில்லை. தமிழகத்தார் பேசுகையில் நாம் 'கதைக்கின்றோம்' அல்லவா?

ஆனால் 'வெர்பும்' என்ற சொல்லுக்கு அங்கு காட்டப்பட்ட கூச்சம் நம்மிடையே தோன்றவில்லை. இன்றைய விவிலிய மொழிபெயர்ப்பு 'வாக்கு' என்றாலும், 'வார்த்தையானவர்' என்றே நீண்டகாலம் இறைமகனை அழைத்து வந்தோம். அயலவரோடு பிணக்கு ஏற்பட்டால் 'வார்த்தை தடித்துவிட்டது' என்கின்றோம். நித்திய அர்ப்பணம் செய்யும் அருட்சகோதரி பீடத்தின் முன் கொடுப்பதும் 'வார்த்தைப்பாடு' தான்.