விழுங்கினும் அழியா வித்தி

நம் உடம்பினுட் புகும் நுண்ணுயிர்களை வெண்குழியங்களுட் சில விழுங்கிச் சீரணித்து அழிக்கின்றன. உருசிய நாட்டறிஞர் மெச்சினிக்கோவு என்பார் 1882ஆம் ஆண்டிலே, இத்தாலியின் மெசீனா நகரில், நட்சத்திரமீனின் குடம்பிகளுள் உரோசா முள்ளைச் செருகி, அதனை அசையுங் கலங்கள் வந்து சூழ்வதைக் கண்டு, இவ்வுண்மையை உய்த்துணர்ந்தார். 1908இல் நோபெல் பரிசும் பெற்றார். அக்கலங்கள் தின்குழியங்கள் எனப் பெயர் பெற்றன.

ஆயினும், விழுங்கப்பட்ட பின்னும் அழியாது, விழுங்கிய குழியத்தையே ஊர்தியாகக் கொள்ளும் பகையும் ஒன்றுண்டு. அஃது அந்திராட்சு நோயை விளைக்கும் பற்றீரியத்தின் வித்தியாகும். காவலன் கையில் அகப்பட்டும் அது தப்புமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஆடு மாடுகளையும் ஒரோவழி மக்களையும் பற்றும் இந்நோயின் பற்றீரியம் கோலுருவானது. உணவு குறைந்துழி அது தன்னுள்ளே வித்தியொன்றை ஆக்கிக்கொள்ளும். கோல் வித்தியாதலையும், வித்தி மீண்டுங் கோலாதலையும் செருமானிய மருத்துவர் உரொபேட்டு கொக்கு 1876இல் விளக்கிக் காட்டினார். வித்தி உண்பதில்லை, வளர்வதுமில்லை, உறங்கிக் கிடக்கும். கொத்துலாந்தின் குருயினாட்டுத் தீவில் 1942இல் போர்ச் சோதனைக்காகப் பரப்பப்பட்ட வித்திகள் பல்லாண்டு மண்ணில் உயிரோடிருந்தன. 1986இல் கடல்நீரிற் கலந்த போமலிடிகைட்டால் நிலத்தை நனைத்த பின்னரே, 1990இல், அத்தீவு தீங்கற்றதென அறிவிக்கப்பட்டது.

இவ்வுறுதிக்குக் காரணம் வித்தியின் அமைப்பே. அதன் மையத்தில் நீர் மிகக் குறைவு. கல்சியத்தோடு சேர்ந்த இருபிக்கோலினிக்கமிலம் அங்கு நிறைந்துள்ளது. சிறு புரதங்கள் பரம்பரைப் பொருளாகிய டி. என். ஏ.யைப் போர்த்துக் காக்கின்றன. மையத்தைச் சூழத் தடித்த மேற்பட்டையும், அதன்மேற் பல படையான புரதவுறையும், எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய புறவுறையும் உள.

மூச்சுடன் நுரையீரலின் சிற்றறைகளை அடையும் வித்தியைத் தின்குழியம் விழுங்கிச் சிறு பையொன்றுள் அடைக்கிறது. அப்பையினுள் அமிலம் பெருகும், நொதியங்கள் சொரியும், ஐதரசன் பேரொட்சைட்டுப் போன்ற பொருள்களும் தாக்கும். சாதாரண பற்றீரியம் இதனால் மாளும். வித்தியிலோ, சுவரைக் கரைக்கும் இலைசோசைம் என்னும் நொதியம் புரதவுறையைக் கடந்து மேற்பட்டையை அடையமாட்டாது. நீரற்ற மையத்தில் நிறுத்துதற்குரிய உயிர்த்தொழிலும் நடைபெறுவதில்லை. இதற்கிடையில், தின்குழியம் தன் இயல்பின்படி மார்பினுள்ளிருக்கும் நிணநீர்க்கணுக்களை நோக்கிச் செல்ல, வித்தியும் உடன் செல்கிறது.

எனினும் உறங்கும் வித்தி நோய் செய்யாது. நோய் செய்ய வேண்டின் அது விழித்தல் வேண்டும். அலனீன், இனோசீன் முதலிய பொருள்களை உணர்ந்ததும் அது நீரை ஏற்று முளைக்கிறது. முளைத்ததும் கவசம் நெகிழ்கிறது. இதுவே அதற்கு இடரான வேளை. இவ்வேளையிற் பல தின்குழியங்களால் அழிகின்றன. எஞ்சியவை நஞ்சை ஆக்குகின்றன. அந்நஞ்சிற் புரதங்கள் மூன்று. ஒன்று கலத்தின்மேற் பற்றி வழிதிறக்க, மற்றையிரண்டும் உட்புகுந்து கலத்தின் செய்தித் தொடர்பைக் குலைக்கின்றன. வெளிப்பட்ட பற்றீரியம் குளுத்தாமிக்கமிலத்தாலான போர்வையொன்றையும் பூணுகிறது. அதனால் மீண்டும் விழுங்கப்படுதல் அரிதாகிறது.

இவ்வுறக்கத்தின் நீட்சி மருத்துவருக்கும் பொருளுடைத்து. 1979 ஏப்பிரிலிற் சோவியத்து நாட்டின் சுவேட்லோவுசுக்கு நகரில் இராணுவ நிலையமொன்றிலிருந்து வித்திகள் காற்றிற் கலந்தன. 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவற்றைச் சுவாசித்தோருட் சிலர் ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின்னரே நோயுற்றனர். 2001இல் ஐக்கிய அமெரிக்காவிற் கடிதங்கள் வழியே வித்திகள் அனுப்பப்பட்டபோது 22 பேர் நோயுற்று, ஐவர் இறந்தனர். அப்பொழுது வித்திகளைச் சுவாசித்திருக்கக்கூடியோர் 60 நாள் மருந்துண்ணுமாறு பணிக்கப்பட்டனர். நுண்ணுயிர்கொல்லி மருந்து வளரும் பற்றீரியத்தையே கொல்லும். உறங்கும் வித்தியைத் தீண்டாது. எனவே கடைசி வித்தி விழிக்குங்காறும் மருந்து உடலிற் காத்திருத்தல் வேண்டும். நோய்க்குறி ஒன்றுமில்லையே என்று இடையில் நிறுத்துவோன், பகைவன் உறங்குகையிற் காவலை அகற்றியவனாவான்.