இறங்காத இரவுச் சூடு

கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். தளம் இன்னும் காலைச் சுடும். அதற்கு நேர் கீழேதான் நாம் பாய் விரிக்கிறோம். மின்விசிறி அங்கே தேங்கிக் கிடக்கும் சூட்டை வாரி நம் மேலேயே கொட்டும். குழந்தை ஒரு மணிக்கு எழுந்து அழும். பெரியவர் இரண்டு மணிக்கு வாசற்படியில் வந்து உட்காருவார். ஆஸ்பெஸ்டாஸ் வீடு பகலிலேயே வேகவைத்துவிடும். கான்கிரீட் வீடு பகலில் வாங்கி வைத்ததை இரவில் திருப்பித் தரும்.

மறுநாள் செய்தியில் பகல் வெயில் மட்டும்தான் வரும். வேலூரில் சதம், ஈரோட்டில் சதம், கரூர் பரமத்தியில் சதம். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். இரவு எவ்வளவு இறங்கியது, இப்படி எத்தனை நாளாகிறது என்று யாரும் கேட்பதில்லை. உடம்புக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

மூன்றாம் நாள் கணக்கு

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். பகலில் அது ஏறினால் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பியும் வியர்வையை விட்டும் உடம்பு சமாளிக்கிறது. இரவில் காற்று குளிர்ந்தால் இதயத் துடிப்பு தணியும், உள்வெப்பம் சற்று இறங்கும், அப்போதுதான் ஆழ்ந்த தூக்கம் வரும். இரவும் குளிராவிட்டால் இந்த ஓய்வு கிடையாது. நேற்றைய பாக்கியோடு இன்றைய வெயிலுக்குள் இறங்குகிறோம். இரண்டு நாள் தாங்கும் உடம்பு நான்காம் நாள் மடங்கிவிடுகிறது.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் வெயில் உச்சம் தொட்டது 13ஆம் தேதி. சாவு உச்சம் தொட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. அந்த அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 98 பேர் இறந்தது வீட்டுக்குள் என்பது அந்த மாகாண மரண விசாரணை அதிகாரிகளின் கணக்கு. பெரும்பாலானோர் முதியவர்கள், அதிலும் தனியாக வாழ்ந்தவர்கள். “வெயிலில் வெளியே போகாதீர்கள்” என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காயாத வியர்வை

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை காய்ந்தால்தான் குளிரும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் காற்றே ஈரமாக இருப்பதால் சட்டை நனைகிறது, உடம்பு ஆறுவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதற்காகத்தான் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. கடற்கரையில் 37 டிகிரியிலேயே அந்தக் கணக்கு தொடங்கிவிடும். வேலூர்க்காரர் சென்னைக்கு வந்து “உங்க ஊர் வெயில் பரவாயில்லையே” என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

மின்விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது அனல் காற்றைத்தான் வீசும். அந்த நேரத்தில் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு விசிறிக்கு முன்னால் உட்காருவது பலன் தரும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்

வியர்வையில் நீரும் உப்பும் போகப் போக ரத்தம் கெட்டிப்படுகிறது. அந்த ரத்தத்தை இதயம் வேகவேகமாகத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வருவது இப்படித்தான். சிறுநீரகத்தின் கதை வேறு. அது ஒரே நாளில் விழாது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வற்றி, சிறுநீர் மஞ்சளாகி, நீர்க்கடுப்பு வந்து போய், சில கோடைகள் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்தபோது மருத்துவர்களின் கண் வெயில் மேல்தான் போனது.

நம் ஊரில் உப்பளங்களைப் பாருங்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தலைக்கு மேல் வெயில், காலடியில் வெள்ளை உப்பு அந்த வெயிலை முகத்துக்கே திருப்பி அடிக்கும். அங்கே வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தாகம் இல்லாமல் இல்லை, ஒதுங்க இடம் இல்லை. கழிப்பறை இல்லாத எந்த வேலையிடத்திலும் இதுதான் நடக்கிறது. “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று ஆண்டுதோறும் எழுதும் என்னைப் போன்றவர்கள் அடுத்த வரியில் கழிப்பறை என்று எழுத மறந்துவிடுகிறோம்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர், வெயிலில் வேலை செய்வோரைப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. செங்கல் சூளையிலும் வயலிலும் நிற்கும் கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கிறது. நிழலும் கிடைக்க வேண்டும்.

மாத்திரை டப்பா

வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும். அதோடு நீர் பிரிய உதவும் மாத்திரை, சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். நாமே நிறுத்திவிடக் கூடாது. கோடை தொடங்கும்போதே டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் மின்வெட்டை எதிர்பார்த்து ஒரு மண்பானை ஏற்பாட்டை வைத்திருக்கலாம். சூடு தட்டிய இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இளநீர் எல்லோருக்கும் நல்லது என்பது பொதுப் பேச்சு. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் ஆபத்து.

“சூடு பிடிச்சிருக்கு”

நமக்குச் சூடு என்பது ஒரே சொல். மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு, கண் எரிந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு. கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவுவதும் மோர் குடிப்பதும் அந்தச் சூட்டுக்குச் சரி. வெயில் தாக்கி ஒருவர் உளற ஆரம்பித்தால் அது அந்தச் சூடு இல்லை. தலைவலி, தசைப் பிடிப்பு, குமட்டல், தலைசுற்றல் வரைக்கும் களைப்பு. நிழலும் உப்புக் கரைசலும் போதும். பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் விழிப்பது, வலிப்பு, மயக்கம் என்றால் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அது வெப்பவாதம். அப்போது உடம்பு வறண்டுதான் இருக்கும் என்றில்லை. வேலை செய்துகொண்டே விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம்.

உடனே 108க்கு ஒருவர் பேசட்டும். இன்னொருவர் வண்டிக்காகக் காத்திராமல் நிழலுக்குத் தூக்கிச் சென்று, துணியைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்விப்பதில்தான் உயிர் இருக்கிறது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது.

மேலே சொன்ன உப்புக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் விற்கும் பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் ஓ.ஆர்.எஸ். அட்டை டப்பாக்களில் வந்த சர்க்கரைப் பானங்கள் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்வதற்கு 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

சான்றிதழில் இல்லாத காரணம்

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300க்கும் அதிகமானோர் இறந்திருந்தது பின்னர் இறப்புப் பதிவேடுகளை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. தனித்தனியே அவை மாரடைப்பாகவும் முதுமையாகவும் கடந்து போயிருந்தன. அந்த நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் சான்றிதழில் வெறும் மாரடைப்பு என்று இருந்தால் அந்தப் பணம் எப்படி வரும்?

தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது, சன்னலைப் பகலில் மூடி இரவில் திறப்பது எல்லாம் பழைய வழிகள். செலவு அதிகமில்லை, அறைச் சூடு கொஞ்சமாவது குறையும். செய்யுங்கள். அதோடு, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெப்ப அலை மூன்று நாளைத் தாண்டினால் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேளுங்கள். பதில் குழறினால் 108ஐக் கூப்பிடுங்கள்.