கைக்கு வரும் அடி

"ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் எது வாங்கலாம் அங்கள்?" என்று கேட்டு வரும் தம்பிகளை முதலில் உட்கார வைத்து ஒரு தே தாரிக் சொல்லிவிடுவேன். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எந்த வண்டி, எந்த நிலம், முன்பக்கம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் சொல்லும் பதில் பணத்தை வீணாக்கும். சில சமயம் மணிக்கட்டையும் உடைக்கும்.

ஸ்டெபிலைசர் தடுக்க வேண்டிய, ஹேண்டில் வழியாகக் கைக்கு வரும் அடி எங்கிருந்து கிளம்புகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

மோட்டார் சைக்கிளுக்கு முன் சக்கரம் ஒன்றுதான். அது ஸ்டியரிங் தண்டுக்கு நேராக நடுவில் நிற்கிறது. குவாட் எனும் நான்கு சக்கர ஏடிவிக்கு இரண்டு. ஒவ்வொன்றும் தான் திரும்புகிற அச்சிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. இடது சக்கரம் ஒரு வேரில் மோதினால் அது பின்னுக்குத் தள்ளப்படும். வெளியே தள்ளி நிற்கும் அந்தச் சிறு தூரம் நெம்புகோலாக வேலை செய்து, சக்கரத்தை இடப்பக்கமாகத் திருகும். அந்தத் திருகல் டை ராட் வழியாகத் தண்டுக்கு ஏறி, அங்கிருந்து ஹேண்டிலுக்கு வந்து, உங்கள் கையில் முடிகிறது. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே மேட்டில் ஏறினால் இரு பக்கத் திருகலும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மோதும்போதுதான் ஹேண்டில் உதறுகிறது. செம்பனைத் தோட்டத்துப் பாதையில் பெரும்பாலும் மோதுவது ஒரு சக்கரம்தான்.

வண்டி அகலமாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியவர்கள் அந்த நெம்புகோலைத் தாங்களே நீட்டிவிட்டார்கள். முன்பு தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்த உதறல் இப்போது கையைப் பிடுங்கும். நீளமான ஏ-ஆர்ம் போட்டு அகலத்தைக் கூட்டினால் இந்தக் கேடு வராது, ஆனால் செலவு அதிகம். 2006இல் வந்த சுசுக்கி எல்டி-ஆர்450, 2009இல் வந்த யமாஹா ஒய்எஃப்இசட் 450ஆர் போன்றவை தொழிற்சாலையிலேயே அகலமாகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு முன் சக்கரத்தில் ஸ்பேசர் போடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. குவாட்டின் ஆக்சிலரேட்டர் கட்டை விரலில் இருக்கிறது. ஹேண்டில் திடீரென்று வெட்டும்போது கை அதோடு இழுபட, கட்டை விரல் தன்னை அறியாமல் அழுத்திவிடும். வண்டி தவறான பக்கம் திரும்புகிற அதே நொடியில் வேகமும் கூடுகிறது. ஸ்டெபிலைசர் என்றால் கை வலிக்காமல் இருக்க உதவும் சாமான் என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இந்தக் கட்டை விரல்தான்.

வாங்கப் போகும் முன் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட், பேரிங் தேய்ந்திருந்தால் தெரியும். இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனை சொல்லிவிடும். பிறகு ஹேண்டிலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் மேல் புஷ் சேற்றுத் தண்ணீரில் சீக்கிரம் தேயும். அது தளர்ந்தால் தண்டே உள்ளே ஆடும். இவற்றில் எது தளர்ந்திருந்தாலும் ஸ்டெபிலைசர் அந்தத் தளர்ச்சியை மறைக்கும், சரி செய்யாது. மறைப்பது இன்னும் மோசம். உதறல்தான் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எச்சரிக்கை, அது நின்றுபோகும். பால் ஜாயிண்ட் ஒருநாள் பாதி வழியில் கழன்றுகொள்ளும்.

டயர் காற்றையும் பாருங்கள். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐக்குப் பக்கமாக அடிக்கிறோம். ஸ்போர்ட் குவாட்டுக்குச் சொல்லப்படுவது 4, 5 பிஎஸ்ஐதான். பெட்ரோல் நிலையத்துக் காற்று மீட்டர் இவ்வளவு தாழ்ந்த அளவைச் சரியாகக் காட்டாது. தெரியாமல் 10, 12 ஏற்றிவிட்டால் டயர் கல்லை உள்வாங்காமல் உதைக்கும். தாழ்ந்த அளவுக்கென்று தனி மீட்டர் உண்டு, விலையும் குறைவு. அதை வாங்கிக் காற்றைச் சரி செய்தபின், ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சியே.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கை உதறுகிறது என்றால், அடுத்து நிலத்தைப் பார்க்க வேண்டும். குவாலா சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரை சாலையிலிருந்து பார்த்தால் எங்கும் ஒரே செம்பனைதான் தெரிகிறது. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், 1917இல், அங்கே தென்னமாரம் தோட்டத்தில்தான் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். இன்று தோட்டங்களில் வழக்கமான நடவு முறை இது. சுமார் 9 மீட்டர் முக்கோண இடைவெளி, ஒரு ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் பழம் வெட்டிக் கொண்டுவரும் பாதை, மற்றதில் வெட்டிய மட்டையை அடுக்குவார்கள். பாதையில் போகும் வண்டிக்கு, அடுக்கிலிருந்து நழுவிய ஒரு மட்டைக் காம்பு போதும், ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏற.

ஆனால் மரத்துக்குக் கீழே இருக்கும் மண் இடத்துக்கு இடம் வேறு. ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கம் கடலோரக் களிமண். மழையில் வழுக்கும், வெயிலில் டிராக்டர் தடம் அப்படியே இறுகிவிடும். இறுகிய தடத்தின் ஓரத்தில் சக்கரம் உரசும்போது அடி சுருக்கென்று வருவதில்லை, நீளமாக ஒரு தள்ளலாக வரும். ராஜா மூசா காட்டை ஒட்டிய தோட்டங்களில் தானா கம்புட், அதாவது மக்காத தாவரம் படிந்த சதுப்பு மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தபின் அந்த மண் ஆண்டுக்கு ஆண்டு அமிழ்ந்துகொண்டே போகிறது. மண் இறங்க இறங்க உள்ளே மக்காமல் கிடந்த பழைய காட்டு மரங்கள் தலை காட்டும். பெரணிச் செடி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வட சிலாங்கூரில் மணிக்கட்டுக்கு மிகவும் ஆபத்தான நிலம் இதுதான் என்பேன். கெர்லிங், காலும்பாங் பக்கம் ஏறிப் போனால் செம்மண் மேடும் சரளைக் கல்லும். சிறிய அடிகள், ஆனால் விடாமல் வரும். பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன மணல் வெளியும் உண்டு. அங்கே வேகம் எடுக்க ஆசை வரும். பக்கத்திலேயே ஆழமான குட்டைகள் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

இப்போது ஸ்டெபிலைசரின் உள்ளே போகலாம். ஆற்றுத் தண்ணீரில் கையை மெல்ல நகர்த்தினால் தண்ணீர் வழிவிடும். ஓங்கி வீசினால் தடுக்கும். உள்ளே நடப்பது இதுவேதான். எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் போயாக வேண்டும். நீங்கள் மெதுவாகத் திருப்பினால் அது சிரமமில்லாமல் போகிறது. வேர் மோதி ஹேண்டில் சட்டென்று வெட்டினால் அவ்வளவு எண்ணெய் அவ்வளவு வேகத்தில் துளைக்குள் புக முடியாது, எனவே அது தடுக்கிறது. இதில் ஸ்பிரிங் வேலை எதுவும் இல்லை. ஹேண்டிலை நேராக்கித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் வேலை.

உருவத்தில் இரண்டு வகை. ஒன்று நீளமான ஷாக் போல இருக்கும் கம்பி வகை. ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை தண்டில். விலை குறைவு, கழற்றிப் பார்ப்பதும் எளிது. ஆனால் ஹேண்டில் திரும்பத் திரும்பக் கம்பியின் கோணம் மாறுகிறது. அதனால் நேராக இருக்கும்போது கிடைக்கும் தடுப்பு, முழுக்கத் திருப்பியபோது கிடைக்காது. உள்ளே வாயு அடைத்த ஒற்றைக் கம்பி வகையானால் அந்த அழுத்தம் கம்பியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பதுபோல் இருக்கும். அதோடு கம்பி வெளியே தெரிகிறது. களிமண் அதில் காய்ந்து ஒட்டி, அடுத்த அசைவில் ஆயில் சீலைக் கிழிக்கும். நம் பக்கத்து மண்ணுக்கு இது பெரிய குறை.

மற்றது ரோட்டரி வகை. கையில் அடங்கும் ஒரு டப்பா. உள்ளே எண்ணெயில் ஒரு தகடு சுழலும். இடமும் வலமும் தடுப்பு சமம், வெளியே நீண்டு நிற்கும் கம்பி இல்லை. ஜிபிஆர் பிராண்ட் இந்த வகை. தலையில் ஒரு திருகு, அதைத் திருப்பினால் தடுப்பு கூடும், குறையும். ஓலின்ஸ் நிறுவனம் செய்து ஸ்காட்ஸ் பெயரில் வருவதும் ரோட்டரிதான். அதில் மெதுவான அசைவுக்கு ஒரு திருகு, திடீர் அடிக்கு வேறு திருகு, எவ்வளவு கோணம் வரை தடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. காட்டுப் பாதைக்கான அதன் வகை நடுவிலிருந்து விலகும்போதுதான் தடுக்கும், நடுவுக்குத் திரும்பி வரும்போது விட்டுவிடும்.

தோட்டத்துக்கு எதை எடுப்பேன் என்றால், திடீர் அடிக்குத் தனித் திருகு உள்ள ரோட்டரியைத்தான். காரணம் பின் சக்கரம். ஸ்போர்ட் குவாட்டில் பின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பிணைந்து ஒரே வேகத்தில் சுழல்கின்றன. திருப்பும்போது வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும். மரத்துக்கு மரம் 9 மீட்டர் உள்ள இடத்தில் மெதுவாக வளைந்து வளைந்து போகும்போது ஹேண்டில் லேசாக இருக்க வேண்டும். மறைந்த கட்டை மோதும்போது மட்டும் இறுக வேண்டும். ஒரே திருகு உள்ளதில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடிவிடும், அரை மணி நேரத்தில் முன்கை வீங்கிப் போகும். அகலமான செம்மண் சாலையிலும் மணலிலும் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஒரு திருகு போதும்.

கோலா குபு பாரு பக்கத்து ஏடிவி பார்க்குகளில் ஓட்டும் நாலு சக்கர இழுவை வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2007 கிரிஸ்லி 700இல் யமாஹா மின்சாரப் பவர் ஸ்டியரிங் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட வண்டிகளில் அதுவே அடியை வாங்கிக்கொள்ளும். தனியாக எதுவும் மாட்ட வேண்டாம்.

நல்ல ஸ்டெபிலைசரைக் கெடுப்பது அதைப் பொருத்துகிற தாங்கிதான். ரோட்டரியின் கை ஃபிரேமில் உள்ள ஒரு பின்னில் பிடிக்கிறது. அந்தப் பிடியில் சிறு இடைவெளி இருந்தாலும், ஹேண்டில் அந்த இடைவெளியைக் கடக்கும் வரை தடுப்பே கிடைக்காது. அடி பெரும்பாலும் அதற்குள் கைக்கு வந்துவிடும். தாங்கி உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆருக்குச் செய்ததை ராப்டர் 700க்கு வெல்டிங் வைத்து மாட்டாதீர்கள். சில வகை ஹேண்டிலை மேலே தூக்கிவிடும். பிரேக் குழாயும் ஆக்சிலரேட்டர் கேபிளும் முழுத் திருப்பத்தில் இழுபடாமல் எட்டுகின்றனவா என்று, எஞ்சினைக் கிளப்பும் முன்பே இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அளவு வைப்பதற்கு அவசரம் வேண்டாம். திருகுகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாதையில் எண்ணெய் சூடாகும் வரை ஓட்டுங்கள். சூட்டில் எண்ணெய் இளகித் தடுப்பு குறையும். குளிர்ந்த வண்டியில் வைத்த அளவு பின்னால் பொய்யாகிவிடும். பிறகு திடீர் அடித் திருகை ஒவ்வொரு சொடுக்காகக் கூட்டி, அதே வேரின் மேல் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். மெது அசைவுத் திருகைக் கடைசியில், கொஞ்சமாகத் தொடுங்கள். நேர்ப்பாதையில் வண்டியைத் திருத்தத் திருத்த இரு பக்கமும் மெல்ல அலைகிறது என்றால் கூட்டியது அதிகம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும்போது களிமண் நிலத்தில் இன்னும் குறைத்து வைப்பேன். வழுக்கும் தடத்தில் கைக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

தோட்டம் தனியார் நிலம். மேனேஜரிடம் கேட்டு, எந்தப் பக்கம் அன்று பழம் வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே உள்ளே போக வேண்டும். நீண்ட கம்பில் அரிவாள் கட்டி மேலே பார்த்தபடி நிற்பவருக்கு உங்கள் சத்தம் கேட்டாலும் நகர இடமிருக்காது. விழுகிற குலை 20 கிலோகூட இருக்கும். பொதுச் சாலையில் ஏடிவி ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை, எனவே லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

புதிய ஸ்டெபிலைசர் பல நூறு அமெரிக்க டாலர் ஆகும் என்பதால் பழையதைத் தேடுபவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அதில் தவறில்லை, பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றக்கூடிய வகையாக இருந்தால். கையில் எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் திருப்புங்கள். அது தடுக்க வேண்டிய திசையிலும் கோணத்திலும் எங்காவது ஒரு இடத்தில் தடுப்பே இல்லாமல் நழுவினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. இவை இரண்டும் சரி செய்யக்கூடியவை, அதற்குத் தக்க விலையைக் குறைத்துக் கேளுங்கள். திருகைத் திருப்பியும் தடுப்பில் மாற்றமே இல்லை என்றாலோ, உங்கள் மாடலுக்குரிய தாங்கி கூட வரவில்லை என்றாலோ, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.