உணர்வே இல்லாத காலில் எரிச்சல்... மூளைக்கு ஏன் சிகிச்சை?

"கிள்ளினாகூட தெரியலை. ஆனா, காலு நெருப்புல வெச்ச மாதிரி எரியுது!"

தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பலர் இப்படிச் சொல்வார்கள். 'உணர்வே இல்லாத இடம் எப்படி வலிக்கும்?' என்று வீட்டில் இருப்பவர்களே சந்தேகப்படுவதுண்டு. ஆனால், அந்த வலி நிஜம். காயம்பட்ட தண்டுவடத்திலும் மூளையிலும் நரம்பு சிக்னல்கள் தாறுமாறாவதால் வருவது அது. மாத்திரைகள் எல்லோருக்கும் போதிய நிவாரணம் தருவதில்லை. அதனால்தான் ஆபரேஷன் இல்லாமல் மூளையைத் தூண்டும் சிகிச்சைகளை மருத்துவர்கள் ஆராய்கிறார்கள்.

ஸ்பெயினில், பார்சிலோனா அருகே உள்ள குட்மன் மருத்துவமனை 39 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. தலையில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து, 20 நிமிடங்களுக்கு 2 மில்லிஆம்பியர் மின்சாரம். எதிரே திரையில் நடக்கும் கால்கள். அதற்கு மேல் கண்ணாடியில் நோயாளியின் உடல். பார்த்தால் தானே நடப்பதுபோல் தெரியும்! இரண்டு வாரங்களில் 10 முறை இப்படிச் செய்தார்கள். மின்சாரம் மட்டும், நடைக்காட்சி மட்டும் பெற்றவர்களைவிட, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. 12 வாரங்களுக்குப் பிறகும் அந்தப் பலன் தெரிந்தது.

ஆனால், இது சிறிய ஆய்வு. அடுத்தடுத்த ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கவில்லை. எனவே, ஆன்லைனில் கருவி வாங்கி நீங்களே முயல வேண்டாம். வலிப்பு நோயோ, தலைக்குள் உலோகமோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரைகளைத் திடீரென நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி எரிகிறது என்றால், நம்புங்கள். எரிச்சலா, குத்தலா, ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துவையுங்கள். சிகிச்சையை முடிவுசெய்ய அது டாக்டருக்கு உதவும்.