பழைய பிக்கப் வண்டியில் தீப்பொறி எங்கே தடைப்படுகிறது?

இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்கிறது. மரப்பட்டை உலரட்டும் என்று காத்திருந்து, வெட்டு தாமதமாகத் தொடங்கி, நண்பகலில்தான் பால் வாளிகள் வந்து சேருகின்றன. அதனை ஏற்றிச் செல்ல வேண்டிய பழைய பிக்கப் வண்டியோ, சாவியைத் திருப்பினால் சுற்றுகின்றதேயன்றி உயிர் பெறவில்லை. அமோனியா சேர்க்கப்படாத பால் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கிவிடும். அதே வண்டி நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயின், அந்த அவதியை விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வேளைகளில் நம்மில் பலர் முதலில் பேட்டரியின் மீது பழி போடுகிறோம். பின்னர் காயிலின் மீது. நாம் அறிந்த ஒரு வண்டிக்குப் புதிய பேட்டரியும் புதிய காயிலும் வாங்கிப் பொருத்திய பின்னரும் அது கிளம்பவில்லை. இறுதியில் அகப்பட்ட குற்றவாளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த விரல் நீளக் கம்பி ஒன்று. மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே அது அறுந்து கிடந்தது. முறையாகச் சோதித்திருந்தால் ஒரு வெள்ளிகூடச் செலவாகியிராது.

1972 முதல் 1979 வரை வெளிவந்த டட்சன் 620 போன்ற பழைய பெட்ரோல் பிக்கப்புகளில், பெரும்பாலும் பாயிண்டும் கண்டென்சரும் கொண்ட தீமூட்டும் அமைப்பே உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய முறை இது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலை அடைந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் வழியாக வண்டியின் உடலில் இறங்குகின்றது. பாயிண்ட் மூடியிருக்கும்பொழுது காயிலில் காந்தப்புலம் உண்டாகும். பாயிண்ட் திறந்த அக்கணமே அப்புலம் சரிந்து, காயிலின் உட்சுற்றில் பதினாயிரம் வோல்ட்டையும் தாண்டிய மின்னழுத்தத்தை எழுப்பும். அதுவே மூடியின் நடுவிலிருந்து ரோட்டரில் இறங்கி, ஒவ்வொரு பிளக்காகச் சென்று தீப்பொறியாகின்றது. ஆகவே பாதை இரண்டு: ஒன்று 12 வோல்ட் பாதை, மற்றொன்று உயர் அழுத்தப் பாதை. குறை எந்தப் பாதையில் உள்ளது என்று பிரித்தறிவதே பாதி வேலை.

தொடங்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். பெட்ரோல் வாடை வீசினால், அது அடங்கும்வரை தீப்பொறிச் சோதனை கூடாது. இதயத்தில் மின்கருவி பொருத்தியோர் இவ்வேலையில் கை வைக்கவே வேண்டா.

முதலில், ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதில் கைவசமுள்ள வேறொரு பிளக்கைச் செருகி, அதன் இரும்புப் பகுதி இஞ்சினின் வெற்றிரும்பில் படுமாறு வைக்க வேண்டும். இஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றாததால் துளை வழியே பெட்ரோல் ஆவி வெளிவராது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் எட்ட நின்று கவனிக்கட்டும். நீலப் பொறி பளிச்சிட்டால் தீமூட்டும் அமைப்பு ஏறக்குறைய நலமே; பெட்ரோல் வரத்தைப் பார்க்க வேண்டும். பொறி இல்லையெனில், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் தடித்த கம்பியைக் கழற்றி, அதே பிளக்கை அதன் முனையில் இணைத்துச் சோதிக்க வேண்டும்.

இங்கே பொறி வருமாயின் காயிலும் பாயிண்டும் குற்றமற்றவை. குறை மூடியிலோ ரோட்டரிலோ கம்பிகளிலோ உள்ளது. நம் நாட்டு மழைக்காலத்தில் இதுவே அடிக்கடி நேர்வது. மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மயிரிழை போன்ற கருங்கோடு மூடியினுள் ஓடியிருந்தால், மின்சாரம் அவ்வழியே கசிகின்றது என்று பொருள். அதைத் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டியதே. நடுவிலுள்ள சிறு கரித்துண்டு தேய்ந்து போயிருக்கின்றதா, ரோட்டரில் வெடிப்பு உண்டா என்றும் பார்ப்பது நலம்.

நடுக்கம்பியிலும் பொறி இல்லையெனில் 12 வோல்ட் பாதைக்கு வரவேண்டும். இதற்கு வேண்டியது 12 வோல்ட் சிறு பல்பும் இரண்டு துண்டுக் கம்பியும் மட்டுமே. ஒரு கம்பியை வண்டியின் உடலில் இணைத்து, சாவியைத் திறந்து, மற்றதைக் காயிலின் கூட்டல் முனையில் தொட வேண்டும். பல்பு எரியாவிடில் குறை ஃபியூஸிலோ, சாவி சுவிட்சிலோ, இடைக்கம்பியிலோ உள்ளது. மங்கலாக எரிந்தால் அஞ்ச வேண்டா. பல வண்டிகளில் காயிலுக்கு முன்னே பலாஸ்ட் என்னும் மின்தடை உண்டு. சுற்றும்பொழுது இஞ்சின் பற்றிக்கொண்டு, சாவியை விட்டவுடன் அணைந்துவிடுமாயின், அந்தத் தடை அறுந்திருக்கக்கூடும்.

அடுத்து, பல்பைக் காயிலின் கழித்தல் முனைக்கு மாற்றி இஞ்சினைச் சுற்றவிட வேண்டும். பல்பு விட்டுவிட்டு மின்ன வேண்டும். ஓயாமல் எரிந்துகொண்டே இருந்தால் மின்சாரம் பாயிண்ட் வழியாக இறங்கவில்லை: பாயிண்ட் அழுக்கேறியோ கருகியோ இருக்கலாம், அல்லது நாம் மேலே குறிப்பிட்டது போல் உட்கம்பி அறுந்திருக்கலாம். பல்பு எரியவே இல்லையெனில், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியைக் கழித்தல் முனையிலிருந்து கழற்றி மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். இப்பொழுது எரிந்தால் காயிலின் வெளிச்சுற்று நலம். பாயிண்ட் திறவாமல் இருக்கின்றது, அல்லது கண்டென்சரோ கம்பியோ உள்ளே உடலைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது. அப்பொழுதும் எரியாவிடில் காயிலே அறுந்துவிட்டது.

பாயிண்டை மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்த்து, தூய காகிதத்தால் துடைக்கலாம். உப்புத்தாள் வேண்டா; அதன் மணல் உள்ளேயே தங்கிவிடும். கேமின் மேடு பாயிண்டை முழுதும் திறந்திருக்கும் நிலையில், இடைவெளி பெரும்பாலான ஜப்பானிய நான்கு சிலிண்டர் வண்டிகளில் 0.45 மில்லிமீட்டர் அளவு இருக்கும். வண்டியின் கையேடு வேறு கூறினால் அதுவே சரி. புதிய பாயிண்ட் சில நாள்களிலேயே கருகுமாயின் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

பல்பு ஒழுங்காக மின்னியும் நடுக்கம்பியில் பொறி வரவில்லையா? முதலில் அக்கம்பியையும், பின்னர் விலை குறைந்த கண்டென்சரையும், அதன் பின்னரே காயிலையும் மாற்றிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறியபின் நின்று, அரை மணி நேரம் ஆறினால் மீண்டும் கிளம்பும் வண்டியில் காயிலின் மீது ஐயம் கொள்ளலாம். சோதனையின்போது, இஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் திறந்து வைத்தாலும் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

பாயிண்டுக்கு மாற்றாக மின்னணுப் பெட்டி பொருத்திய வண்டிகளில் மூடி, ரோட்டர், கம்பி ஆகியவற்றின் சோதனை மட்டுமே இதைப் போன்றது. அப்பெட்டியைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே மேல். டீசல் வண்டியிலோ தீப்பொறிக்கே வேலையில்லை.

புதுக் காயில் வாங்கும்பொழுது பழையதையும் கடைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். பலாஸ்டுடன் இயங்கும் காயிலின் வெளிச்சுற்றுத் தடை ஏறக்குறைய 1.5 ஓம், பலாஸ்ட் இன்றி இயங்குவதற்கு ஏறக்குறைய 3 ஓம். முன்னதைப் பலாஸ்ட் இல்லாத வண்டியில் மாட்டினால் வண்டி அன்றைக்குக் கிளம்பும். பாயிண்டோ விரைவிலேயே கருகிவிடும்.