வெப்பத்தை உரைக்கும் கண்ணாடி இழை

ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்திய காலத்தில், புகைக்கூடத்தின் கதவோரமாக ஓர் உஷ்ணமானி தொங்கியதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கதவோரத்து வெப்பத்தை அது பிசகாமல் சொல்லும். பின்கோடியில் ஒரு தகடு கழன்று நெருப்பில் விழுந்து பற்றிக்கொண்டாலோ, அதற்கு ஒன்றும் தெரியாது. உஷ்ணமானி தான் இருக்கும் இடத்தை மட்டுமே அறியும். பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப் பாதையை மீட்டருக்கு மீட்டர் அறிய வேண்டுமானால் பத்தாயிரம் உஷ்ணமானிகள் வேண்டும். அத்தனைக்கும் மின்கம்பி இழுக்க வேண்டும். இந்தச் சங்கடத்தை ஒரே ஒரு கண்ணாடி இழை தீர்த்துவைத்திருக்கிறது. எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

தொலைபேசிச் செய்திகளைக் கடல் கடந்தும் சுமந்து செல்லும் அதே இழைதான் இது. அதன் கண்ணாடியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. உட்புறக் கண்ணாடியும் அதைச் சூழ்ந்த கண்ணாடியும் தன்மையில் சற்றே வேறுபட்டவை. ஆதலால் உள்ளே புகுந்த ஒளி வெளியே கசியாமல், ஓரத்தில் பட்டுப் பட்டு உள்ளுக்கே திரும்பி ஓடுகிறது. கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்று 1966இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்ஹம் ஆகிய இருவரும் எடுத்துக் காட்டினர். காவுக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு தூய்மை செய்தாலும் கண்ணாடியில் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அதன் நுண்ணிய கட்டமைப்பு முற்றிலும் சீரானதன்று. ஆகவே ஒளியில் ஒரு சிறு கூறு வழியெங்கும் சிதறுகிறது. அதிலும் ஒரு சிறு கூறு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. தொலைபேசிக்காரருக்கு இது நட்டம். அளப்பவருக்கோ இதுவே முதல்!

கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை வரும் நேரத்தை எண்ணி ஆழத்தை ஊகிப்பது சிறுவர்க்கும் தெரிந்த விளையாட்டு. இங்கேயும் அதே கணக்குத்தான். கண்ணாடியில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒரு கணப்பொழுதே நிற்கும் ஒளித்துடிப்பை இழைக்குள் அனுப்புகிறார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சிதறிய ஒளி, வினாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சிதறியது, இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பும். வந்த நேரத்தைக் கொண்டே வந்த இடத்தைச் சொல்லிவிடலாம்.

இடம் தெரிந்தது; வெப்பம் எப்படித் தெரிகிறது? இங்கேதான் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் துணைக்கு வருகிறார். 1921இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. ஒளி சிதறுவதைக் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஓர் ஊஞ்சலை எண்ணிக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் ஊஞ்சலின்மீது பந்தை எறிந்தால், பந்து தன் வேகத்தில் கொஞ்சத்தை ஊஞ்சலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. எதிரே வீசிவரும் ஊஞ்சலில் பட்ட பந்தோ அதிக வேகத்துடன் திரும்புகிறது. கண்ணாடிக்குள் அதிரும் அணுக்கூட்டங்களே ஊஞ்சல்கள். சக்தியை இழந்து வரும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது. சக்தியைப் பெற்று வரும் ஒளியின் அலைநீளம் குறைகிறது. வெப்பம் ஏற ஏற அதிர்வு மிகுவதால், இரண்டாம் வகை ஒளி வெகுவாகக் கூடுகிறது. முதல் வகை அவ்வளவு மாறுவதில்லை. இரண்டுக்கும் உள்ள விகிதமே வெப்பநிலையைக் காட்டுகிறது. இழை எங்கேனும் வளைந்து ஒளி குன்றினால் இரண்டும் சேர்ந்தே குன்றும்; விகிதம் பெரும்பாலும் கெடாது. இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான் என்பது என் கருத்து.

1980களில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் இம்முறையை உருவாக்க ஆராய்ச்சிகள் நடந்தன. திரும்பிவரும் அந்த ஒளி மிக மிகச் சொற்பம். ஒரு துடிப்பைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது. பல்லாயிரம் துடிப்புகளை அனுப்பிக் கூட்டிப் பார்த்தே ஒரு டிகிரி வேறுபாட்டைத் தெளிகிறார்கள்.

இழையில் மின்சாரம் ஓடாததால் எண்ணெய்த் தொட்டியருகே தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. உயர் அழுத்த மின்வடத்தோடு ஒட்டிப் புதைத்தாலும் அளவு பிசகாது. மண் அணைகளில் கசிவைக் கண்டுபிடிக்கவும் இது பயன்படுகிறது. கசியும் நீர் தன் வெப்பநிலையை உடன் கொண்டுவரும். நீர் வரும் இடம் சுற்றுமண்ணிலிருந்து வேறுபட்டுத் தெரியும். நம் நாட்டைப்போல் ஆண்டு முழுதும் வெப்பம் அதிகம் மாறாத இடங்களில் இந்த வேறுபாடு சிறிது. அதற்கும் வழியுண்டு: இழையை ஒட்டிய ஓர் உலோகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குகிறார்கள். நீர் ஓடும் இடம் மற்ற இடங்களைப்போல் சூடேறுவதில்லை.

வெப்பத்தைப் போலவே இழுவிசையையும் இழை உணரும். பிரில்லுவான் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் வேறொரு வகைச் சிதறல் அதற்கு உதவுகிறது. மலைச்சரிவில் இழையைப் புதைத்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு மண் நகர்ந்தாலும் அது இழுபட்டுக் காட்டும். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை அறிந்த நமக்கு, இந்த அளவை எவ்வளவு பெறுமதியுடையது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடி இழையின் விலை சொற்பமாயினும், ஒளியை அனுப்பிக் கணக்கிடும் பெட்டியின் விலை அதிகம். குடியிருப்புகளுக்கு மேலுள்ள ஒவ்வொரு சரிவுக்கும் வாங்கிவைப்பது எளிதன்று.

மண் ஒரேயடியாகச் சரிந்தால் இழை அறுந்துபோகாதா என்று வாசகர் கேட்கலாம். அறுந்துதான் போகும். அப்போதும் அறுந்த முனைவரை எதிரொளி வந்துகொண்டிருக்கும். அது எந்த மீட்டரில் நின்றுபோகிறதோ, அந்த மீட்டரில்தான் சரிவு. மறுமுனையிலும் ஒரு பெட்டியை வைத்திருந்தால், சரிவின் மற்றோர் எல்லையும் தெரிந்துவிடும்.